நொச்சி வீரர் ஜர்னைல் சிங்

மதுரை மாநகரைச் சுற்றி முன்னொரு காலத்தில் வலிய கோட்டை மதில் இருந்தது. மதிலைச் சூழ்ந்து அகழியும் இருந்தது. 1840ஆம் ஆண்டையொட்டிப் பிளாக்பர்ன் என்னும் ஆங்கில ஆட்சித்தலைவர், நெருக்குண்டு கிடந்த நகரம் விரிவடைய வேண்டும் எனக் கருதி, மதிலை இடிப்பித்து அகழியைத் தூர்த்தார். அங்ஙனம் கிடைத்த இடத்தை ஒட்டியே இன்றைய வெளிவீதிகள் அமைந்தன. பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே எஞ்சி நிற்கும் கொத்தளம் அப்பழைய மதிலை இன்றும் நினைவூட்டுகிறது. மதுரையை ஆண்ட வேந்தர் பெயர்களை மாணவர் பலரும் அறிவர். திருமலை நாயக்கரின் அரண்மனைத் தூணைக் கைவிரித்துத் தழுவிப் பார்க்காத சிறுவர் இலர். அக்கோட்டையினுள் இருந்து 1764ஆம் ஆண்டு வரையில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற கான் சாகிப்பின் பெயரும் நாட்டில் வழங்குகிறது. ஆயின் அம்மதிலின்மேல் மழையிலும் பனியிலும் நின்று காவல் புரிந்த மறவருள் ஒருவர் பெயரையேனும் நாம் அறியோம்.

நம் முன்னோர் அம்மறவரை மறந்தாரல்லர். பகைவர் கோட்டையை வளைத்துக் கொள்வதை உழிஞை என்றும், வளைக்கப்பட்ட கோட்டையைக் காத்து நிற்பதை நொச்சி என்றும் அவர் பெயரிட்டனர். தொல்காப்பியர் நொச்சியை உழிஞையுள் அடக்கிக் கூறினார். பின்னர் எழுந்த புறப்பொருள் வெண்பாமாலை அதனைத் தனித் திணையாகவே வைத்தது. மதில் காப்போர் நொச்சிப் பூவைச் சூடினர். வயல் வேலிகளிலும் ஓடைக் கரைகளிலும் நீல நிறத்தில் சிறிதாகப் பூத்து நிற்பதும், சளி பிடித்தால் நம் வீட்டுப் பெரியோர் இலை பறித்து ஆவி பிடிக்கச் செய்வதுமாகிய அந்த எளிய நொச்சிதான் அது.

கால்பந்து ஆட்டமும் ஒருவகை முற்றுகைப் போரே ஆகும். ஒவ்வோர் அணிக்கும் பதினொருவர். அவருள் முன்னணியில் ஆடுவோர் எதிரியின் இலக்கை நோக்கிப் பந்தைச் செலுத்தும் உழிஞை வீரர். பின்னணியில் நிற்போர் தம் இலக்கைக் காக்கும் நொச்சி வீரர். கோல் அடித்தவரை மக்கள் தோளில் தூக்கி ஆடுவர். அடிக்கவிருந்த கோலைத் தடுத்தவரையோ பெரும்பாலும் எவரும் பாடுவதில்லை. நடவாமற் போன ஒன்றை எவ்வாறு பாடுவது? எனினும் காவல் புரிவதையே தம் தொழிலாகக் கொண்டு, ஆசியா முழுவதும் பெயர் விளங்கிய ஒருவர் நம் நாட்டில் இருந்தார். அவரே ஜர்னைல் சிங் தில்லான். படைத்தலைவரைக் குறிக்கும் ஜெனரல் என்னும் ஆங்கிலச் சொல்லே பஞ்சாபி மக்கள் நாவில் ஜர்னைல் எனத் திரிந்தது. பெற்றோர் இட்ட பெயர் பிற்காலத்தில் இத்துணைப் பொருந்தி வருவது அரிது.

ஜர்னைல் சிங் 1936ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20ஆம் நாள், அன்றைய ஒன்றுபட்ட பஞ்சாபின் லயால்பூர்ப் பகுதியில் சீக்கிய உழவர் குடியில் பிறந்தார். லயால்பூர் பழைய ஊர் அன்று. செனாப் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி, வறண்ட பொட்டல் நிலத்தைக் கழனியாக்கி, அங்கே உழவரைக் குடியேற்றி ஆங்கில அரசினர் உண்டாக்கிய ஊர் அது. 1895ஆம் ஆண்டில் பெரியாற்று அணை நீர் மலையைக் குடைந்து வந்து மேலூர் முதலிய மதுரைச் சமவெளி நிலங்களை நனைக்கத் தொடங்கிய செய்தியை நாம் அறிவோம். ஏறத்தாழ அதே காலத்தில்தான் செனாப் நீரும் லயால்பூர் நிலத்தைத் தழைக்கச் செய்தது. 1977ஆம் ஆண்டு முதல் அவ்வூர் பைசலாபாத் என வழங்குகிறது. அது இன்று பாக்கிஸ்தானில் இருக்கிறது.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நாடு விடுதலை பெற்றது. உடனே பிளவும் பட்டது. பஞ்சாபின் குறுக்கே எல்லைக் கோடு வீழ்ந்தது. அக்கோட்டின் இருபுறத்திலும் சேர்ந்து ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்தனர். வழியில் உயிரிழந்தோர் பல இலட்சம் பேர். விளைந்த வயலையும் கட்டிய வீட்டையும் அப்படியே விட்டு ஓடி வந்த குடும்பங்களுள் ஜர்னைல் சிங்கின் குடும்பமும் ஒன்று. அப்போது அவருக்குப் பதினொரு வயது. எல்லை கடந்து வந்த குடும்பத்தினர் ஹோஷியார்ப்பூர் மாவட்டத்தில் கர்சங்கருக்கு அண்மையிலுள்ள பனாம் என்னும் சிற்றூரில் தங்கினர். பதினொரு வயதில் வேலியெல்லாம் அழியக் கண்ட சிறுவனே பிற்காலத்தில் ஒரு நாட்டின் அணிக்கு வேலியாக நின்றான் என்பது நினைக்குந்தொறும் நெஞ்சைத் தொடுவதாகும்.

ஹோஷியார்ப்பூர் மாவட்டம் சிவாலிக் மலையடிவாரத்தில் உள்ளது. மலையிலிருந்து இறங்கும் சிற்றாறுகள் மழைக்காலத்தில் சில நாள் வெள்ளம் பெருக்கி, எஞ்சிய நாளெல்லாம் வெண்மணலாய்க் கிடப்பன. வைகையின் இயல்பை அறிந்த நமக்கு அதனை விளக்க வேண்டுவதில்லை. அம்மாவட்டத்தில் மாஹில்பூர் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள கால்சா கல்லூரி 1946ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் முதல்வராய் இருந்த ஹர்பஜன் சிங் கால்பந்தைப் பாடத்திற்கு ஒப்ப மதித்து வளர்த்தவர். அதனால் மாஹில்பூர் வட்டம் கால்பந்து வீரரின் நாற்றங்கால் ஆயிற்று. தமிழகத்துச் சிற்றூர்களில் மாலையானால் சடுகுடு ஆடும் ஒலி எழுந்தது போல, அங்கே பந்து உதைக்கும் ஒலி எழுந்தது. ஜர்னைல் சிங் அக்கல்லூரியில் பயின்றார். உயர்ந்த உடலும் உரம் வாய்ந்த தோளும் உடைய அவர் மாணவப் பருவத்தில் முன்னணியிலும் ஆடியதுண்டு என்பர். இச்செய்தி பின்னர்ப் பயன்படும்.

அக்காலத்தில் இந்தியக் கால்பந்தின் தலைநகர் கல்கத்தா. இந்நாட்டு இளைஞர் எவரேனும் அவ்வாட்டத்தில் புகழ்பெற விழைந்தால் அந்நகர்க்குச் செல்வதே வழி. 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் ஜர்னைல் சிங் கல்கத்தா சென்று முதலில் ராஜஸ்தான் கழகத்தில் ஆடினார். 1959ஆம் ஆண்டில் மோகன் பகான் கழகம் அவரை ஏற்றுக்கொண்டது.

மோகன் பகானைப் பற்றி ஒரு சொல் கூறல் வேண்டும். 1889ஆம் ஆண்டில் தோன்றிய அக்கழகம், 1911ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29ஆம் நாள் கிழக்கு யார்க்ஷயர் என்னும் ஆங்கிலப் படைப்பிரிவின் அணியை இரண்டுக்கு ஒன்று என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. ஆண்டவரை ஆளப்பட்டவர் களத்தில் வென்ற அந்நாளை வங்க மக்கள் விடுதலைப் போரின் ஒரு பகுதியாகவே கொண்டனர். அக்கழகத்தில் பின்னர்ப் பல ஆண்டுகள் காவல் நின்ற கோஷ்டோ பால் என்பவரை மக்கள் சீனப் பெருஞ்சுவர் என அழைத்தனர். 1962ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. கல்கத்தாவில் அவருக்குச் சிலையும் உண்டு. காவல் வீரரை மதிக்கத் தெரிந்த ஊர் அது எனலாம். அங்கே கோஷ்டோ பாலின் பெயரைக் கேட்டு வளர்ந்த மக்களின் முன்னே, வங்கமொழி அறியாத பஞ்சாபி இளைஞர் ஒருவர் அவர் நின்ற இடத்தில் வந்து நிற்பது எளிதாக இருந்திராது.

இங்கே அவர் நின்ற இடத்தின் அருமையையும் உணர்தல் வேண்டும். பழைய முறைப்படி இலக்கின் முன்னே இருவரே காவல் நிற்பர். 1925ஆம் ஆண்டில் ஆட்ட விதி ஒன்று மாற்றப்பட்டது. பந்தை எதிர்நோக்கி நிற்கும் முன்னணி வீரருக்கும் எதிர் எல்லைக் கோட்டிற்கும் இடையே எதிரணியார் மூவர் இருத்தல் வேண்டும் என்றிருந்த விதி, இருவர் இருந்தாற் போதும் என்றாயிற்று. இதனால் முன்னணியினர்க்கு வழி எளிதாயிற்று, கோல்கள் பெருகின. அதனைத் தடுப்பதற்காக நடுவே ஆடியவரைப் பின்னுக்கு இழுத்து, இலக்கின் நேர்முன்னே மூன்றாங் காவலராக நிறுத்தினர். எதிரணியின் தலைசிறந்த வீரரை எதிர்கொள்வது அவர் கடமை. அவர் ஒருகணம் ஏமாந்தால் அவருக்குப் பின்னே இலக்குக் காவலர் ஒருவரே உண்டு. முன்னணி வீரர் பத்து முறை முயன்று ஒன்பது முறை தவறினும் பத்தாம் முறை வென்று புகழ் கொள்வார். இவரோ ஒன்பது முறை தடுத்துப் பத்தாம் முறை தவறினால் பழி கொள்வார்.

அவ்விடத்தில் ஜர்னைல் சிங் மலையென நின்றார். எதிரியின் காலிலிருந்து பந்து சிறிது விலகும் கணத்தை நோக்கியிருந்து, தரையோடு சறுக்கிச் சென்று அதனைக் கவர்வதில் அவர் வல்லவர். உயரப் பறந்து வரும் பந்தைத் தலையால் முட்டித் திருப்புவதிலும் அவருக்கு ஒப்பாவார் அந்நாளில் இந்தியாவில் மிகச் சிலரே. அலங்காநல்லூர் வாடிவாசலில் காளை வெளிப்படும்போது அதன் கொம்பைப் பாராமல் திமிலையே பார்ப்பவன்தான் அதனைத் தழுவுவான். ஓடிவரும் வீரரின் தோள் அசைவையும் கால் ஏய்ப்பையும் பாராமல் பந்தையே பார்த்த ஜர்னைல் சிங்கின் திறமும் அத்தகையது. அவர் ஆட்டம் கடுமையானது என்று குறை கூறினோரும் உண்டு. அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. அவரை எதிர்த்து ஆடியோர் உடலில் நோவோடு வீடு திரும்பிய நாட்கள் பல. ஆயினும் அவர் அஞ்சாமல் முன்வைத்தது தம் உடலையே என்பதையும் உடன் எண்ணுதல் முறை. பிறரினும் மிகுதியாகத் தாமே புண்பட்டவர் அவர்.

அவர் ஆடிய பத்து ஆண்டுக் காலத்தில் மோகன் பகான் கல்கத்தா லீக் போட்டியில் 1959, 1960 ஆகிய ஆண்டுகளிலும், பின்னர் 1962 முதல் 1965 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்தும் முதலிடம் பெற்றது. டூரண்டு கோப்பையை 1963, 1964, 1965 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து வென்றது.

கழகத்தில் சேர்ந்த மறு ஆண்டே, 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஆடும் இந்திய அணியில் ஜர்னைல் சிங் இடம் பெற்றார். அதற்கு முன் நம் நாட்டுக் கால்பந்து பட்ட பாட்டை அறிந்தாலன்றி ரோமின் பெருமை விளங்காது. 1948ஆம் ஆண்டு லண்டனில் நம் வீரர் பலர் வெறுங்காலோடு ஆடினர். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா நம்மைப் பத்துக்கு ஒன்று எனத் தோற்கடித்தது. அக்குளிர்நாட்டின் ஈரக் களத்தில் வெறுங்கால் பயன்படவில்லை. அதன் பின்னரே காலணி அணிவது கட்டாயமாயிற்று. அந்நிலையிலிருந்து நம் அணியை உயர்த்தியவர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1951ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டில் தங்கமும், 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும் அவர் பயிற்றிய அணிகள் பெற்றவை.

ரோமில் இந்தியா எதிர்கொண்ட முதல் அணி ஹங்கேரி. அவ்வணியில் இருந்த புளோரியன் ஆல்பர்ட் என்னும் இளைஞர் 1967ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் தலைசிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். எட்டு ஆண்டுகட்கு முன் பத்து கோல்களை வாங்கிய நாடு, இம்முறை இரண்டுக்கு ஒன்று என்னும் அளவிலேயே தோற்றது. அடுத்துப் பிரான்சு நாட்டோடு ஒன்றுக்கு ஒன்று எனச் சமன் செய்தது. பெரு நாட்டிடம் மூன்றுக்கு ஒன்று எனத் தோற்றுத் திரும்பியது. வெற்றி ஒன்றும் இல்லை. எனினும் நம் காவல் எளிதில் உடையாது என்பதை உலகம் கண்டுகொண்டது.

1962ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் இறுதியில் இந்தோனேசியாவின் தலைநகரான ஜகார்த்தாவில் நான்காம் ஆசிய விளையாட்டு நடைபெற்றது. சுனி கோஸ்வாமி அணித்தலைவர், ரகீம் பயிற்றுநர். பி.கே. பானர்ஜி, செகந்திராபாத்தைச் சேர்ந்த துளசிதாஸ் பலராம், கேரள நாட்டு சந்திரசேகர், வங்கத்து அருண் கோஷ், கோவாவின் பிராங்கோ ஆகியோர் அணியில் இருந்தனர். பீட்டர் தங்கராஜ், அருமைநாயகம், எத்திராஜ் எனத் தமிழ்ப் பெயர்களும் அவ்வணியில் ஒலித்தன. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியா நம்மை இரண்டுக்கு ஒன்றுமில்லை எனத் தோற்கடித்தது. அடுத்து தாய்லாந்தை நான்குக்கு ஒன்று என வென்றோம். ஆனால் அவ்வெற்றிக்குக் கொடுத்த விலை பெரிது. ஜர்னைல் சிங்கின் தலை உடைந்து குருதி பெருகிற்று. தையல்கள் இட வேண்டியதாயிற்று. பின்னர் ஜப்பானை இரண்டுக்கு ஒன்றுமில்லை என வென்று இந்தியா அரையிறுதியை அடைந்தது.

அரையிறுதியில் எதிரி தென்வியட்நாம். தலையில் கட்டோடு இருக்கும் ஒருவரை, தலையால் பந்தை முட்டுவதையே தொழிலாகக் கொண்ட காவல் இடத்தில் நிறுத்துவது எவ்வாறு? அவரை விடுத்து ஆடுவது எவ்வாறு? ரகீம் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். மதில் காத்த வீரரை முற்றுகைப் படையின் முன்னே நிறுத்தினார். காவலைப் பிறரிடம் ஒப்படைத்து, ஜர்னைல் சிங்கை நடு முன்னணி வீரராக ஆடப் பணித்தார். கல்லூரி நாளில் அவர் முன்னணியில் ஆடிய பழக்கம் ரகீமின் நினைவில் இருந்திருக்கலாம். நொச்சியைக் களைந்து உழிஞை சூடிய ஜர்னைல் சிங் அவ்வாட்டத்தில் கோல் அடித்தார். சுனி கோஸ்வாமி இரண்டு அடித்தார். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இந்தியா இறுதியாட்டத்தை எய்தியது.

இறுதியாட்டம் செப்டம்பர்த் திங்கள் 4ஆம் நாள். முதல் ஆட்டத்தில் நம்மை வென்ற அதே தென்கொரியாவே எதிரி. ஆனால் அன்று இந்தியாவுக்கு வாய்த்த பெரும்பகை களத்திற்கு வெளியே இருந்தது. இஸ்ரேல், தைவான் ஆகிய இரு நாட்டாரையும் விளையாட்டிற்கு வரவொட்டாமல் இந்தோனேசிய அரசு தடுத்திருந்தது. ஆசிய விளையாட்டை உருவாக்கியவருள் ஒருவரான குரு தத் சோந்தி என்னும் இந்தியர் இது முறையன்று எனக் கண்டித்தார். அதனால் அந்நாட்டு மக்கள் இந்தியர்மீது சினங்கொண்டனர். இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. நம் வீரர் சென்ற பேருந்தில் தலைப்பாகை கண்டு இந்தியர் என அடையாளம் அறியப்படாதிருக்கும் பொருட்டு, சீக்கிய வீரராகிய ஜர்னைல் சிங்கும் திரிலோக் சிங்கும் இருக்கைக்குக் கீழே தாழ்ந்து இருந்து சென்றனர் என்பர். பதினைந்து ஆண்டுகட்கு முன் எல்லை கடந்து வந்த நாளின் அச்சம் அன்று அவர் உள்ளத்தில் மீண்டதோ, யாரறிவார்!

செனாயன் விளையாட்டரங்கில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் கூடியிருந்தனர். இந்திய நாட்டுப்பண் இசைக்கப்பட்டபோதே அவர்கள் இரைச்சலிட்டனர். நம் வீரர் பந்தைத் தொடும்போதெல்லாம் கூச்சல் எழுந்தது. காய்ச்சலால் முந்தைய ஆட்டங்களில் ஆடாதிருந்த தங்கராஜ் அன்று மீண்டும் இலக்கைக் காத்து நின்றார். ஆட்டம் தொடங்கிப் பதினேழாம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். இருபதாம் நிமிடத்தில் ஜர்னைல் சிங் பந்தை வலைக்குள் செலுத்தி இரண்டாம் கோலை ஆக்கினார். மூன்று நிமிட இடைவெளியில் விழுந்த இவ்விரு கோல்களும் ஓர் இலட்சம் வாய்களையும் ஒருகணம் அடைத்தன. அதன்பின் ஒருமணி நேரத்திற்கு மேலாகக் கொரியர் முட்டி மோதினர். எண்பத்தைந்தாம் நிமிடத்தில்தான் அவர்களால் ஒரு கோல் அடிக்க முடிந்தது. எஞ்சிய நிமிடங்களும் கழிய, இந்தியா இரண்டுக்கு ஒன்று என வென்று தங்கம் பெற்றது.

இவ்வெற்றி எத்துணை அரியது என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. 1970ஆம் ஆண்டு பாங்காக்கில் ஒரு வெண்கலம் கிடைத்தது. அதன்பின் 2023ஆம் ஆண்டு ஹாங்சோ வரையில் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்திய ஆடவர் அணிக்குப் பதக்கம் ஒன்றும் கிட்டவில்லை. அவ்வெற்றியை உருவாக்கிய ரகீம் அப்போதே நோயுற்றிருந்தார். 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் அவர் புற்றுநோயால் மறைந்தார்.

ஜர்னைல் சிங் மீண்டும் தம் காவல் இடத்திற்கே திரும்பினார். ஆசியாவே கொண்டாடிய கோலை அடித்தவர், இனி முன்னணியிலேயே ஆடுவேன் எனக் கேட்டிருந்தால் மறுப்பார் இலர். அவர் கேட்கவில்லை. 1964ஆம் ஆண்டில் அர்ஜுனா விருது பெற்றார். 1965 முதல் 1967 வரை இந்திய அணியின் தலைவராக விளங்கினார். ஆசிய நாடுகளின் சிறந்த வீரரைத் திரட்டி அமைத்த ஆசிய அணிக்கு 1966ஆம் ஆண்டிலும் 1967ஆம் ஆண்டிலும் அவரே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கொரியர், ஜப்பானியர், மலேயர், பாரசீகர் எனப் பல நாட்டு வீரரும் நிறைந்த கண்டம் ஒன்றின் அணிக்கு ஓர் இந்தியக் காவல் வீரர் தலைமை தாங்கியது சிறிய செய்தியன்று.

1968ஆம் ஆண்டோடு அவர் மோகன் பகானை விட்டு நீங்கினார். கல்கத்தாவிலேயே தங்கிப் புகழை நுகர்ந்து காலம் கழித்திருக்கலாம். அவரோ பஞ்சாப் திரும்பினார். இதுகாறும் பஞ்சாபில் முளைத்த நாற்றையெல்லாம் பிடுங்கிக் கல்கத்தாவில் நட்டனர். சொந்த வயல் வெறுமையாகக் கிடந்தது. மாநிலங்களுக்கிடையே நடைபெறும் சந்தோஷ் கோப்பைப் போட்டி 1941ஆம் ஆண்டில் தொடங்கியது. வங்கம் அதனைப் பலமுறை வென்றது. பஞ்சாப் ஒருமுறையேனும் வென்றதில்லை. அவ்வணிக்குப் பயிற்றுநராக ஜர்னைல் சிங் பொறுப்பேற்றார்.

காவல் வீரர் நல்ல பயிற்றுநர் ஆவதற்கு ஒரு காரணம் உண்டு. முன்னணி வீரரின் கண்முன்னே இருப்பது எதிரியின் இலக்கு மட்டுமே. பின்னே நிற்பவருக்கோ களம் முழுவதும் கண்ணில் படும். தம் அணியினர் பதின்மரும் எங்கே நிற்கின்றனர், எங்கே இடம் வெறுமையாய் இருக்கிறது, எவன் களைத்துவிட்டான் என்பனவெல்லாம் அவருக்குத் தெரியும். பத்தாண்டுக் காலம் ஆட்டத்தைப் பின்னிருந்து நோக்கிய கண் அது. ரகீம் என்னும் ஆசிரியரை அருகிருந்து கண்ட அறிவும் அதனோடு சேர்ந்தது. ஓர் ஆளின் ஆற்றல் அவன் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே முடிந்துவிடுவதில்லை என்பதை ஜகார்த்தாவில் தம் உடம்பாலேயே கற்றவர் அவர்.

1970ஆம் ஆண்டுப் போட்டி ஜலந்தரில் நடைபெற்றது. முப்பத்து நான்கு வயதில் ஜர்னைல் சிங் ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் அணியில் இருந்தார். இறுதியில் மைசூர் அணியோடு முதல்நாள் ஒன்றுக்கு ஒன்று எனச் சமன் ஆயிற்று. மறு ஆட்டத்தில் பஞ்சாப் மூன்றுக்கு ஒன்று என வென்றது. சந்தோஷ் கோப்பை முதன்முறையாகப் பஞ்சாபுக்கு வந்தது. எல்லை கடந்து வந்த ஏதிலியர் பலர் குடியேறிய அம்மாநில மக்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

1974ஆம் ஆண்டுப் போட்டியும் ஜலந்தரிலேயே நிகழ்ந்தது. இம்முறை அவர் களத்தின் வெளியே நின்று பயிற்றினார். பக்வாராவில் பிறந்த இந்தர் சிங் என்பவர் அணியின் முன்னணி வீரர். அப்போட்டி முழுவதிலும் அவர் ஒருவரே இருபத்து மூன்று கோல்கள் அடித்தார். இறுதியாட்டத்தில் எதிரி வங்கம். எந்த மண்ணில் ஜர்னைல் சிங் புகழ் பெற்றாரோ அம்மண்ணின் அணி. பஞ்சாப் அதனை ஆறுக்கு ஒன்றுமில்லை என வென்றது. வாழ்நாள் எல்லாம் கோலைத் தடுத்த ஒருவர் பயிற்றிய அணி கோல் மழை பொழிந்தது வியப்பாகத் தோன்றலாம். முன்னணி வீரர் எதற்கு அஞ்சுவர், எவ்விடத்தில் காவல் நெகிழும், எக்கணத்தில் காவலரின் கண் பந்தை விட்டு விலகும் என்பனவற்றைக் காவலரைவிட நன்கறிந்தவர் யாவர்? அன்று தோற்ற வங்கத்தார்க்கு அது ஆறாத புண்ணாயிற்று. ஆயினும் தம் பழைய வீரரை அவர்கள் வெறுத்தாரல்லர். மோகன் பகானின் தலைசிறந்த வீரரை எண்ணும்போது அவர் பெயரை இன்றும் விடாது கூறுகின்றனர்.

அவருடன் ஜகார்த்தாவில் ஆடிய பி.கே. பானர்ஜியும் அருண் கோஷும் பிற்காலத்தில் நாடறிந்த பயிற்றுநர் ஆயினர். அவர்கள் பெரிய கழகங்களையும் இந்திய அணியையும் பயிற்றினர். ஜர்னைல் சிங் தம் மாநிலத்தோடு தம்மைப் பிணித்துக்கொண்டார். 1985 முதல் 1990 வரை பஞ்சாப் அரசின் விளையாட்டுத் துறைத் துணை இயக்குநராகவும், 1990 முதல் 1994 வரை இயக்குநராகவும் பணியாற்றினார். அந்நாட்களில் பஞ்சாபில் அமைதி குலைந்திருந்தது. மாலை மயங்கும் முன்னரே மக்கள் கதவடைத்துக்கொண்ட ஊர்கள் பல. திடல்களில் சிறுவர் கூடி ஆடுவதே அரிதாயிருந்த அக்காலத்தில் விளையாட்டுத் துறையை நடத்திச் செல்வது, ஆரவாரமில்லாத மற்றொரு காவற்பணி ஆகும்.

முதுமையில் அவர் ஈளை நோயால் துன்புற்றார். 2000ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 13ஆம் நாள் கானடா நாட்டு வான்கூவர் நகரில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்து நான்கு. பிறந்த மண் ஒரு நாட்டிலும், வளர்ந்த மண் ஒரு நாட்டிலும், மறைந்த மண் ஒரு நாட்டிலுமாக அமைந்தது அவர் வாழ்வு.

பனாம் ஊருக்கு அண்மையிலுள்ள கர்சங்கரில் விளையாட்டரங்கம் ஒன்று ஒலிம்பிக் வீரர் ஜர்னைல் சிங் என்னும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் நினைவாகக் கால்பந்துப் போட்டியும் அங்கே நடத்தப்படுகிறது. சுற்றிலுமுள்ள சிற்றூர்ப் பிள்ளைகள் அப்போட்டியில் ஆட வருகின்றனர்.